பாட்டு ஓமம்

ஷார்ஜாவில் எங்கள் தெருமுனையில் காயல்பட்டினத்துப் பாய் ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். போன மாதம் ஓமம் வாங்கப் போனேன். தீர்ந்துவிட்டது என்றார். பாட்டுப் படிக்கிற பிள்ளைகள் வந்து அள்ளிக்கொண்டு போகிறார்களாம்.

"பாட்டு ஓமம் இருக்கா அங்கிள்னு கேட்டு வருதுவ. எல்லாம் உங்க புண்ணியந்தாம்மா," என்றார்.

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெங்காயம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பிள்ளைகள் ரியாவிடம் படிப்பவர்கள். ரியா என்னோடு ஒரே குழுவில் பாடியவள். இப்போது துபாயில் ஆப்பெரா பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். ஆண்டுவிழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். பிரகாசி அக்கா, அதாவது நான், தொழில் அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேலும் ஹை சி என்ற உச்சிச் சுரம் பாடினீர்களாமே, தினமும் ஓமத்தண்ணீர் குடித்ததால்தான் என்று டீச்சர் சொன்னார்கள், ஓமம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, அதையும் எழுதுங்கள் என்றும் கேட்டிருந்தார்கள்.

ஓமம் ஒரு ஸ்பூன். தண்ணீர் இரண்டு டம்ளர். ஒரு டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்க வேண்டும். வெதுவெதுப்பாகக் குடிக்க வேண்டும். தொண்டைக்கு நல்லது. ஹை சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மற்றதை முதலில் இருந்து சொன்னால்தான் புரியும்.

நான் பிறந்தது தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். படிப்பு எட்டாம் வகுப்பு. கணவர் கடலில் போய்விட்டார். மகனை அம்மாவிடம் விட்டுவிட்டு வீட்டு வேலை விசாவில் அல் ஐன் வந்தேன். ஒரு டாக்டர் வீடு. அவர் மனைவி லெபனானில் பிறந்த அர்மீனியப் பெண். நாங்கள் மேடம் என்போம். இளவயதில் மேடையில் ஆப்பெரா பாடியவர். கல்யாணத்துக்குப் பிறகு அல் ஐனில் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

மாடியில் பிள்ளைகள் குரல் பழகும். கீழே நான் இஸ்திரி போடுவேன். ஒருநாள் மேலே ஒரு பிள்ளை எட்டமுடியாமல் நிறுத்திய இடத்தைக் கீழே நான் எட்டிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஊரில் மாதா கோயில் கொயர் கூட்டத்தில் பாடிய வாய். தானாகப் போயிற்று. மேடம் படியிறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். மேலே வா என்றார். அப்படித்தான் ஆரம்பம்.

காலையில் வீட்டு வேலை, மதியம் பாட்டு. சில வருடம் அப்படிப் போனது. இத்தாலிய மொழியில் பாடினேன், பிரெஞ்சில் பாடினேன். அர்த்தம் மேடம் கையைக் காலை ஆட்டிச் சொல்வார். எல்லாம் காதால் பிடித்ததுதான். நோட்டு வாசிக்கக் கடைசிவரை தெரியாது. இது முக்கியம். பின்னால் வரும்.

மேடம் வேலை வாங்கும் முறையைச் சொல்ல வேண்டும். தரையில் மல்லாந்து படுக்கச் சொல்வார். வயிற்றின்மேல் ஐந்து கிலோ பாஸ்மதி அரிசி மூட்டையை வைப்பார். மூச்சு இழுக்கும்போது மூட்டை ஏற வேண்டும். பாடும்போது மூட்டை மெல்ல மெல்ல இறங்க வேண்டும். சட்டென்று இறங்கினால் பாட்டு கெட்டது. தொண்டையைப் பற்றி அவர் பேசவே மாட்டார். குரல் கீழே இருந்து வருகிறது, தொண்டை வெறும் கதவு, கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பது அவர் கணக்கு. மேடைக்கு ஏறுமுன் பாடிக்காட்டச் சொல்ல மாட்டார். பின்னால் வந்து நின்று என் கீழ்விலாவில் இரண்டு விரலை வைப்பார். மூச்சு விடச் சொல்வார். விலா விரிந்தால் "யல்லா" என்பார், போ என்று அர்த்தம். பாட்டு முடிந்ததும் பியானோ மூடியைச் சாத்தி "கலாஸ்" என்பார், முடிந்தது என்று அர்த்தம். நன்று என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கலாஸ் என்று மென்மையாகச் சொன்னால் நன்றாகப் பாடியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்வேன்.

டாக்டர் இறந்த பிறகு மேடம் துபாய்க்கு வந்து ஒரு குழு வைத்தார். நாலைந்து பாடகர்கள், ஒரு பியானோ. ஹோட்டல் விருந்து, கம்பெனி விழா, கிளப் கச்சேரி. பனிக்காலத்தில் திறந்தவெளி மேடை. நோன்பு மாதம் வேலை இருக்காது. நான் குழுவின் சோப்ரானோ. பெண்குரலில் மேலே நிற்பவள். விசாவில் கடைசிவரை ஹவுஸ்மெய்ட் என்றுதான் இருந்தது. அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

வெளியே இருந்து பார்த்தால் பளபளப்பு. உள்ளே வேறு. ஹோட்டலின் முன்வாசல் எங்களுக்கு இல்லை. சர்வீஸ் லிஃப்டில் போவோம். பட்டு கவுன் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எச்சில் தட்டு வண்டிகளுக்கு நடுவே நிற்பேன். நாற்காலி அடுக்கும் அறையில் உடை மாற்றுவேன். ஏசி காற்றுதான் எங்களுக்கு எமன். ஈரத்துண்டை ஏசி வாயில் தொங்கவிட்டுக்கொள்வேன். பாட்டு இருக்கும் நாளில் பேச மாட்டேன். ஊறுகாய் தொட மாட்டேன். தூசிக்காற்று அடித்தால் ஈரத்துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவேன். இதெல்லாம் பிள்ளைகள் கடைப்பிடிக்கலாம். இது உண்மை.

என் பேருக்கு என்று ஒரு பாட்டு இருந்தது. ஒருத்தி ஜன்னலில் நின்று கப்பலுக்காகக் காத்திருக்கிறாள். கப்பல் வரவில்லை. கடைசி வரியில் குரல் ஏறி ஏறி ஹை சியில் போய் நிற்க வேண்டும். அதுதான் உச்சி. அதைத் தொடுபவள் தனியாக நிற்பாள், தொடாதவள் கூட்டத்தோடு நிற்பாள் என்பார் மேடம். நாங்கள் அதை ஜன்னல் பாட்டு என்போம். குழுவில் அதை வேறு யாரும் தொட மாட்டார்கள்.

நாற்பத்தாறு வயதில் அது உடைந்தது. அபுதாபியில் ஒரு கார் கம்பெனி விருந்து. கடைசி வரி. மூச்சு சரியாக இருந்தது. விலா விரிந்திருந்தது. மேலே போனேன். கழுத்தைப் பிடித்த கோழி மாதிரி ஒரு சத்தம் வந்தது. சாப்பிட்டவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கைதட்டவும் செய்தார்கள். மேடம் மட்டும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கலாஸ் என்று சொல்லவில்லை. உடம்பு மாறுகிற வயது. பெண்களுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் மூன்று காரியம் நடந்தது. மேடத்துக்கு விரல் முடக்குவாதம் வந்து ஒத்திகையில்கூடப் பியானோ வாசிப்பதை விட்டார். மேடையில் எங்களுக்கு வாசித்துவந்த ரஷ்யப் பெண் ஊருக்குப் போய்விட்டாள். அவள் இடத்துக்குச் சாமுவேல் வந்தான். மூன்றாவது, அப்போதும் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருந்த நம் பாய் ஓமம் கொடுத்தார். தொண்டை சரியில்லை என்றதும் ஒரு பொட்டலம் கட்டி, கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்றார்.

சாமுவேல் பாளையங்கோட்டைக்காரன். பகலில் ஏசி கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். வேதக்கோயிலில், அதாவது அவர்கள் சர்ச்சில், கீபோர்டு வாசித்துப் பழகியவன். நோட்டும் நன்றாக வாசிப்பான். என்னைவிடப் பத்து வயது இளையவன். வாய் சும்மா இருக்காது. நான் பேசாத நாட்களில் "இன்னைக்கு அக்கா மௌன விரதம். ஊரே அமைதியா இருக்கு," என்பான். நான் பதில் சொல்ல முடியாது. அதற்காகவே சொல்வான்.

அவன் வந்து, நான் ஓமத்தண்ணீர் குடிக்க ஆரம்பித்து, இரண்டு மாதத்தில் ஜன்னல் பாட்டைத் திரும்பப் பாடினேன். கடைசி வரி வந்தது. ஹை சி வந்தது. உடையவில்லை. இளவயதில் வந்ததைவிடச் சுலபமாக வந்தது. எண்ணெய் போட்ட கதவு மாதிரி. கர்த்தருக்கு நன்றி சொன்னேன். பாய்க்கும் சொன்னேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவருக்குப் பெரிய கேக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கடையில் நின்றவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டி, இந்தம்மா குரலை நம்ம ஓமம்தான் மீட்டது என்றார்.

சாமுவேலிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஹோட்டலில் பெரிய பியானோ இருந்தாலும் தொட மாட்டான். தன் கீபோர்டைத் தோளில் சுமந்து வருவான். கேட்டால் "அந்தப் பியானோ சுருதி சேரலக்கா," என்பான். ஒரு ஹோட்டல் மேனேஜர் சண்டைக்கே வந்துவிட்டார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பியானோ மூலையில் நிற்க, பிளாஸ்டிக் பெட்டியில் வாசிப்பதா என்று. மேடம் தலையிட்டுச் சாமுவேல் பக்கம் பேசினார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மேடத்துக்கு அந்தக் கீபோர்டைக் கண்டாலே பிடிக்காது.

இன்னொன்று. நான் தனியாகப் பாடுவதற்கு முன் அவன் இடது கை கீபோர்டின் ஓரத்தைத் தொடும். ஒரு கணம் தலை குனிவான். நம் ஊரில் வாத்தியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவர்கள் உண்டு. இவன் வேதக்காரன், இவன் முறைப்படி ஜெபம் பண்ணுகிறான் என்று நினைத்தேன். எனக்காக ஜெபிக்கிறானே என்று மனதுக்குள் அவனை வாழ்த்தியிருக்கிறேன். ஒருமுறை பாட்டு முடிந்ததும் மேடம் என்னைத் தாண்டிப் போய் அவனிடம் "ஷுக்ரன்" என்றார். பாடியது நான், நன்றி அவனுக்கா என்று பட்டது. கேட்கவில்லை.

பிறகு ரியா வந்தாள். அப்பா அம்மா மதுரைக்காரர்கள். பிள்ளை துபாயில் பிறந்து வளர்ந்தது. தமிழில் தொடங்கி இங்கிலீஷில் முடிப்பாள். நல்ல குரல். நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன் என்று சொல்ல முடியாது. புத்தி சொன்னேன். நிறையச் சொன்னேன். பேசாதவள் என்று பேரெடுத்த நான் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய் ஓயாமல் பேசினேன். ஐம்பதைத் தாண்டிவிட்டேன், என் ஹை சியைப் பார், வெண்ணெய் மாதிரி இறங்குகிறது, வயது ஆக ஆகக் குரல் பழுக்கும், வெள்ளைக்காரர்களுக்கு இது தெரியாது, ஐஸ் தண்ணீர் குடித்தே கெடுத்துக்கொள்கிறார்கள் என்றேன். ஃபிளாஸ்க் மூடியில் ஓமத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். முகம் சுளிக்காமல் குடிப்பாள். மற்றப் பாடகர்களையும் குடிக்கவைத்தேன். பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். யாரும் மறுக்கவில்லை. மரியாதை என்று நினைத்தேன்.

இப்போது அல் ஐன் கச்சேரி.

வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய வாத்தியக் குழு வந்தது. ஐம்பது பேர் இருப்பார்கள். ஒரு பழைய கோட்டை முற்றத்தில் கச்சேரி. உள்ளூர் சோப்ரானோ ஒருவர் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று கேட்டார்கள். ஜன்னல் பாட்டு என்று நானே சொன்னேன். அவ்வளவு வாத்தியத்தோடு வாழ்நாளில் பாடியதில்லை. அதுவும் அல் ஐனில். இஸ்திரி போட்ட ஊர். பின்னால் இங்கேயே வேலைக்கு வந்துவிட்ட மகனுக்கும் மருமகளுக்கும் முன்வரிசையில் இடம் கேட்டு வாங்கினேன். என் மகன் நான் பாடி அதுவரை நேரில் கேட்டதில்லை. ஹோட்டல் விருந்துக்கு அவனை எப்படி அழைத்துப்போவது?

ஒரு வாரம் முன்னால் சாமுவேல் என் அறை வாசலுக்கு வந்தான். உள்ளே வரச்சொன்னேன். வரவில்லை.

"அக்கா, இந்தப் பாட்ட ரியாவுக்குக் குடுத்துருங்களேன்."

"ஏன்?"

"சும்மாதான். பிள்ளைக்கு ஒரு வாய்ப்பு."

"எனக்கு வயசாயிட்டுன்னு சொல்ல வாரியா?"

"அப்படி இல்லக்கா."

"உனக்கு அங்க வாசிக்க இடமில்லன்னு வயிறெரியுதா?"

அவன் என்னைப் பார்த்தான். வழக்கமாக ஏதாவது நக்கல் வரும். வரவில்லை. சரிக்கா என்று போய்விட்டான்.

மேடத்திடமும் ரியாவிடமும் அவன் பேசியிருக்கிறான். அது எனக்குப் பின்னால் தெரிந்தது. என்னிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

கச்சேரி அன்று மதியம் ஒத்திகை. கோட்டைச் சுவர் நிழலில் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கோல் பிடித்து நடத்துகிறவர் நரைத்த தலை, உயரமான மனிதர். எழுந்து என் கையைப் பிடித்து மேடையில் ஏற்றினார். மேடம் கைத்தடியோடு முன்வரிசையில் இருந்தார். வழக்கமாக விலாவில் விரல் வைப்பவர் அன்று வைக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் ஓடாத இடத்தில் சொல்ல ரியா பக்கத்தில் நின்றாள். சாமுவேல் கடைசி வரிசையில்.

பாட்டின் முன்வாசிப்பு தொடங்கியது. முதல் சுரத்திலேயே ஏதோ சரியில்லை. தெரிந்த வீட்டில் படி உயர்ந்துவிட்டது போல. முதல் வரி பாடினேன். தொண்டையில் உட்காரவேண்டிய இடத்தில் உட்காரவில்லை. எல்லாம் மேலே மேலே இருந்தது. கையைத் தூக்கி நிறுத்தினேன்.

ரியாவிடம், "சுருதி ஏத்தி வச்சிருக்காங்க. சரிபண்ணச் சொல்லு," என்றேன்.

"அக்கா, வேண்டாம்."

"சொல்லு."

"அக்கா, ப்ளீஸ்."

"நீ சொல்லுதியா, நான் சொல்லவா?"

அவள் சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நடத்துகிறவர் முகம் மாறவில்லை. ஒருவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் குழலில் ஒரு சுரத்தை நீட்டினார். ஐம்பது பேரும் எனக்காக மறுபடி சுருதி பார்த்தார்கள். மறுபடி தொடங்கினார்கள். அதே உயரம்.

நான் மறுபடி நிறுத்தினேன். இன்னும் இறங்கவில்லை என்றேன். இங்கிலீஷில் நானே சொன்னேன். "டூ ஹை," என்றேன். விரலால் கீழே காட்டினேன். வயலின்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெண் வில்லால் வாயை மறைத்துக்கொண்டாள்.

அப்போது சாமுவேல் பின்னால் இருந்து நடந்து வந்தான். மேடையில் ஏறவில்லை. கீழே நின்றபடி, தன் கீபோர்டு பழசு, சுருதி இறங்கிப்போயிருக்கிறது, தனக்கே தெரியவில்லை, இந்த அம்மா அதோடு பழகியதால் வந்த கோளாறு, மன்னிக்க வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னான். அந்த அளவு எனக்குப் புரிந்தது. நடத்துகிறவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வாத்தியக்காரன் ஒருவனுக்குத் தன் வாத்தியத்தின் சுருதி தெரியவில்லை என்றால் அதைவிடக் கேவலம் அந்தத் தொழிலில் இல்லை. இந்தமுறை சிலர் சத்தமாகவே சிரித்தார்கள்.

பத்து நிமிடம் இடைவேளை விட்டார்கள்.

வாத்தியம் ஏற்றிவந்த லாரிக்குப் பின்னால் அவனைப் பிடித்தேன்.

"என்னல அது, கீபோர்டு இறங்கிட்டுன்னு சொன்ன?"

"விடுங்கக்கா."

"கீபோர்டு தானா எப்படில இறங்கும்? நீ அமுக்கினியா?"

ஆமாம் என்று தலையாட்டினான்.

கீபோர்டு பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதில் பியானோவில் இல்லாத ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் வாத்தியம் முழுவதும் அரைச் சுரம் இறங்கும். விரல் அதே கட்டையில் ஓடும். சத்தம் மட்டும் கீழே வரும். நோட்டு தெரியாமல் காதால் மட்டும் பாடுகிறவளுக்கு அது பிடிபடாது. நம் ஊர்க் கோயில்களில் அதை அமுக்காத நாளே இல்லை. பாடுகிற ஆளின் தொண்டைக்குத் தக்கபடி வாசிப்பவர் இறக்குவார், ஏற்றுவார். ஆப்பெராவில் எழுதியவர் வைத்த இடத்தில் பாட வேண்டும். முடியாதவர் பாடக்கூடாது.

"எத்தனை அமுக்கின?"

"முதல்ல ஒண்ணுதான்க்கா. ரெண்டு வருசம் கழிச்சு ரெண்டு. போன நோன்புக்குப் பொறவு மூணு."

"நீ வந்ததுல இருந்தா?"

"ஆமா. அபுதாபியில ஒடைஞ்சத மேடம் சொன்னாங்க. சொல்லிட்டு ஒண்ணும் பேசாம இருந்தாங்க. நான்தான் அமுக்கினேன். அவங்க வேண்டாம்னு சொல்லல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. நிஜமாகவே விளங்கவில்லை.

"நம்ம கோயில்ல யாருக்கா சொல்லிட்டு அமுக்குவா?" என்றான்.

அது சரிதான். எங்கள் ஊர்க் கொயரிலும் அப்படித்தான். மூத்த பாடகிக்குச் சுருதி இறக்கினால் அவளிடம் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் இறக்குவதுதான் மரியாதை. அவன் எனக்கு மரியாதைதான் செய்திருக்கிறான். ஆறு வருடம் செய்திருக்கிறான். மற்றவர்களோடு சேர்ந்து பாடும் பாட்டில் அவன் கைவைக்கவில்லை. அதில் உச்சி கிடையாது. என் தனிப்பாட்டு வரும்போது மட்டும் இடது கை ஓரத்துக்குப் போகும். நான் ஜெபம் என்று நினைத்தது அதைத்தான்.

ரியா ஃபிளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். என் ஃபிளாஸ்க்.

"உனக்கும் தெரியுமா?" என்றேன்.

"தெரியும் அக்கா."

"எல்லாருக்குமா?"

"ம்."

"அப்பொறம் ஏன் ஓமத்தண்ணி குடிச்ச?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீங்க அவ்ளோ ஆசையா ஊத்திக் கொடுத்தீங்க," என்றாள்.

அபுதாபியில் உடைந்த சத்தம்கூட எனக்கு அவ்வளவு உறைக்கவில்லை. இந்த வார்த்தை உறைத்தது. பிலிப்பைன்ஸ் பெண் மூக்கைப் பிடித்தது கண்ணுக்கு முன்னால் வந்தது. வெண்ணெய் மாதிரி என்று நான் சொன்னது காதில் கேட்டது. எத்தனை முறை சொன்னேன், யார் யாரிடம் சொன்னேன் என்று மனம் ஓடியது. சொன்ன இடம் எல்லாம் ஞாபகம் வந்தது. கேட்டவர்கள் முகமும் ஞாபகம் வந்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முன்வரிசையில் மேடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். போய் எதிரில் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். எழுபதைத் தாண்டிய முகம். வாழ்நாளில் முதல்முறையாக அந்தச் சொல்லைக் கேள்வியாகக் கேட்டார்.

"கலாஸ்?"

"கலாஸ், மேடம்," என்றேன்.

என் ஓய்வு அவ்வளவுதான். விழா, மாலை எதுவும் இல்லை. நான் பாடப்போவதில்லை, ரியா பாடுவாள் என்று மேடம் போய் நடத்துகிறவரிடம் சொன்னார். அவர் என்னிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் நல்லவர். எனக்குக் கையை எடுத்துக்கொள்ளத்தான் தோன்றியது.

என் கவுன் ரியாவுக்குப் பெரிது. ஊசி குத்தி இடுப்பைப் பிடித்தேன். மேடைக்கு ஏறுமுன் அவளுக்குப் பின்னால் போய் நின்று கீழ்விலாவில் இரண்டு விரலை வைத்தேன். மேடம் தூரத்தில் இருந்தார். யாராவது வைக்க வேண்டுமே. விரிந்தது. "யல்லா," என்றேன்.

அந்தி மக்ரிப் தொழுகை முடிந்து கச்சேரி தொடங்கியது. நான் மேடை ஓரத் திரைக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து முன்வரிசை தெரிந்தது. மகன் நிகழ்ச்சித்தாளைப் புரட்டிப் புரட்டி என்னைத் தேடிக்கொண்டிருந்தான். போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

ரியா கடைசி வரிக்கு வந்தாள். ஏறினாள். ஹை சி. ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தச் சுரத்தை அது இருக்கவேண்டிய உயரத்தில் கேட்டேன். அது அங்கேயேதான் இருந்தது. நான்தான் இறங்கி வந்திருக்கிறேன். சுலபமாக வரவில்லை அவளுக்கு. கழுத்து நரம்பு தெரிந்தது. தோள் நடுங்கியது. எனக்கும் இளவயதில் அப்படித்தான் வந்தது. வெண்ணெய் மாதிரி ஒருநாளும் வந்ததில்லை. அதை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

கைதட்டல் நிற்க நேரமாயிற்று. மகன் வந்து, "என்னம்மா ஆச்சு, தொண்டை சரியில்லையா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அதன்பிறகு சாமுவேலுக்கு வேலை குறைந்தது. சுருதி தெரியாத கீபோர்டுக்காரன் என்ற பேச்சு ஹோட்டல்களுக்குப் போய்விட்டது. அவன் மறுத்துப் பேசவில்லை. இரண்டு வருடத்தில் ஊருக்குப் போய்விட்டான். கிறிஸ்துமஸுக்குப் பேசுவான். இப்போதும், "மௌன விரதமாக்கா?" என்றுதான் ஆரம்பிப்பான். மேடம் காலமாகிவிட்டார். ஆகவே இதை நான்தான் எழுத வேண்டும். அந்தக் கீபோர்டில் ஒரு கோளாறும் இல்லை. அவன் காதிலும் இல்லை. அவனைப் போலச் சுருதி தெரிந்த ஆளை நான் பார்த்ததில்லை.

ஓமம் பற்றிக் கேட்கப் போன வாரம் ரியாவுக்குப் போன் செய்தேன். ஏன் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லிவைத்திருக்கிறாய் என்றேன். "அதுல என்ன பொய் அக்கா? நீங்க பாடினீங்க. எல்லாரும் கேட்டாங்க," என்றாள். அவளும் இப்போது பொத்தானை அமுக்குகிறாள். போதும் என்று சொல்லிவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் நான் பாடியது ஹை சி இல்லை. அதற்கு மூன்று படி கீழே. பிள்ளைகள் அதையே எழுதிக்கொள்ளட்டும். குரல் இறங்கினால் யாரிடமாவது கேளுங்கள். சுலபமாக வந்தால் சந்தேகப்படுங்கள். எனக்குச் சொல்ல வேறு அனுபவம் இல்லை.

அவன் பண்ணியது ஜெபம்தானோ என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் அப்படித் தோன்றுவதில்லை. அந்த நாட்களில் பாய் கடைப் பக்கம் போக மாட்டேன்.

இங்கே சர்ச்சில் வெள்ளிக்கிழமைத் தமிழ்ப் பூசையில் இப்போதும் பாடுகிறேன். பின்வரிசையில் நிற்பேன். கீபோர்டு வாசிப்பது மார்த்தாண்டத்து நர்ஸ் ஒருத்தி. போன தவக்காலத்தில் ஒரு வரி மட்டும் என்னைத் தனியாகப் பாடச் சொன்னார்கள். பழகும்போது முதல் அடியைக் கேட்டதும் அவள் ஒன்றும் சொல்லாமல் இடது கையை ஓரத்துக்குக் கொண்டுபோனாள்.

"எத்தனை இறக்குற?" என்று கேட்டேன்.

கொயர் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் திகைத்துப்போனாள். "மூணு ஆன்ட்டி," என்றாள்.

"நாலா இறக்கு," என்றேன்.

இறக்கினாள். பாடினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அவள் கை போகுமுன் நானே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வெள்ளியும் காது சுடுகிறது. இன்னும் பழகவில்லை.